ஆர்-டைப்: சுடுவதற்கு முன் நிற்கப் பழகுங்கள்

வலப்பக்கமிருந்து பைடோ என்ற வேற்றுலகப் படை வருகிறது. இடப்பக்கமிருந்து ஆர்-9 என்ற ஒற்றை விண்கலம் அதை எதிர்த்துப் போகிறது. திரை தானாகவே நகரும். அதை நிறுத்தவும் முடியாது, பின்னால் திரும்பவும் முடியாது. மொத்தம் எட்டுக் கட்டங்கள். ஜப்பானின் ஐரெம் நிறுவனம் 1987இல், காசு போட்டு விளையாடும் பொறிகளுக்காக வெளியிட்ட ஆர்-டைப்பின் கதை இவ்வளவுதான். கதைக்காக யாரும் இதை விளையாடுவதில்லை.

கைத்தொலைபேசியில் சுடும் விளையாட்டுகளில் கெட்டிக்காரர்களாக இருக்கும் இளையவர்கள் இதைத் திறந்ததும் முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில் எல்லாக் கலங்களையும் இழந்து, பழைய சாமான் என்று மூடிவிடுகிறார்கள். அவர்களுடைய விரல்களில் குறை ஒன்றுமில்லை. வேகமாகச் சுடுபவர் வெல்வார் என்று எண்ணுவதில்தான் கோளாறு. ஆர்-டைப்பில் எந்த எதிரி எங்கிருந்து எப்போது வரும் என்பது அநேகமாக ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கும். கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு இது உடனே விளங்கும்: ஓட்டத்தில் மட்டும் கெட்டிக்காரனாக இருப்பவன் எல்லாக் கோட்டையும் தாண்டுவதில்லை. மறிப்பவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று முன்கூட்டியே கணித்து, அதற்கேற்ற இடத்தில் போய் நிற்பவன்தான் தாண்டுகிறான். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நிற்கும் இடத்தைப் பற்றியதுதான். முதற்கட்டத்தை ஒழுங்காக முடித்து மூன்றாம் கட்டம் வரை போவதற்கு இது போதும்.

எங்கள் பக்கம் வராமல் போனது

வரலாற்றைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். டொமோஹிரோ நிஷிகாடோ வடிவமைத்து டைட்டோ நிறுவனம் 1978இல் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸில் உங்கள் பீரங்கி திரையின் அடியில் நின்று இடம் வலமாக மட்டும் நகரும். 1981இல் வந்த டிஃபெண்டர், ஸ்கிராம்பிள் இரண்டும் திரையைப் பக்கவாட்டில் ஓடவிட்டன. 1985இல் கொனாமியின் கிரேடியஸ், எந்த ஆயுதத்தை எப்போது சேர்ப்பது என்ற முடிவை விளையாடுபவரிடமே விட்டது. ஆர்-டைப் அந்த வரிசையில் அடுத்தது.

யாழ்ப்பாணத்தில் இன்று நாற்பதைத் தாண்டிய பலருக்கு இவற்றில் ஒன்றுகூடச் சிறுவயது நினைவாக இல்லை என்பதில் வியப்பில்லை. உலகம் இவற்றை விளையாடிக்கொண்டிருந்தபோது இங்கே போர் நடந்தது. 1990க்குப் பிறகு குடாநாட்டில் பல ஆண்டுகளாக மின்சாரமே இல்லை; ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு எங்கள் கைகளுக்கு வந்துசேர்ந்த நோக்கியா 3310இல் ஸ்பேஸ் இம்பாக்ட் என்றொரு விளையாட்டு இருந்தது. சின்னத் திரையில் கறுப்புப் புள்ளிகளாக எதிரிகள் வலப்பக்கமிருந்து வருவார்கள். அதை விளையாடியிருந்தால், இந்த வகைக்கு நீங்கள் முற்றிலும் புதியவர் அல்லர்.

முதலில் சாமான்களை ஒழுங்கு செய்யுங்கள்

இன்று வாங்கக்கூடிய நல்ல பதிப்பு, 2018இல் வந்த ஆர்-டைப் டைமென்ஷன்ஸ் ஈஎக்ஸ். கணினிக்கு ஸ்டீம் என்ற இணையக் கடையிலும், நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கும் கிடைக்கிறது. முதல் பாகத்துடன், 1989இல் வந்த இரண்டாம் பாகமும் சேர்ந்தே இருக்கும். வங்கி அட்டையில் இணைய வழியாக வெளிநாட்டுக் கொள்வனவு செய்ய அனுமதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீமில் ஆண்டுக்குச் சில முறை தள்ளுபடி வரும். அவசரம் இல்லாவிட்டால் காத்திருக்கலாம். பென்டிரைவில் இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி விலகிவிடுங்கள். விளையாட்டோடு வைரஸும் சேர்ந்து வரும்.

இந்தப் பதிப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் 1987இன் தட்டையான படங்களும் புதிய முப்பரிமாணப் படங்களும் மாறி மாறி வரும். புதியவை வடிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் பழகும்போது பழையதையே வைத்திருங்கள். எதிரியின் குண்டு எங்கே இருக்கிறது, சுவர் எங்கே முடிகிறது என்பது தட்டையான படத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது.

தொடுதிரையில் இதைப் பழக வேண்டாம் என்பது என் கருத்து. கட்டைவிரல் திரையை மறைத்துவிடும். மறைந்த அந்த இடத்தில்தான் குண்டு இருக்கும். கணினியின் விசைப்பலகை போதும், ஆனால் ஒரு சோதனை செய்யுங்கள்: மேல் அம்பு, வலது அம்பு, சுடும் விசை மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். மலிவான விசைப்பலகைகள் பல, மூன்றாவது விசையைக் கண்டுகொள்வதில்லை. அப்படியானால் சுடும் விசையை வேறொரு எழுத்துக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேம்பேட் என்ற, கையில் பிடித்து விளையாடும் பொத்தான் கருவியை வாங்குவதாக இருந்தால் ஸ்ரான்லி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கத்துக் கடைகளில் விசாரியுங்கள். விளக்கு மினுங்குகிறதா, அதிர்கிறதா என்பதெல்லாம் தேவையில்லை. கூட்டல் குறி வடிவத் திசைப் பொத்தானை மட்டும் வடிவாகச் சோதியுங்கள். மூலைத் திசைகளில், அதாவது மேலும் வலமும் சேரும் இடத்தில் அழுத்தும்போது, அது தடுமாறாமல் பிடிக்க வேண்டும். கடையிலேயே ஒரு மடிக்கணினியில் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். பெரிய தொலைக்காட்சியில் இணைத்து விளையாடினால் அதன் அமைப்புகளில் விளையாட்டு நிலை என்றொன்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அழுத்துவதற்கும் கலம் நகர்வதற்கும் இடையில் சிறு தாமதம் இருக்கும். இந்த விளையாட்டில் அந்தத் தாமதம் உயிரைக் குடிக்கும்.

சுடும் பொத்தானின் இரண்டு குணங்கள்

மூலப் பொறியில் பொத்தான்கள் இரண்டே இரண்டு. ஒன்று சுடுவதற்கு, மற்றது ஃபோர்ஸ் என்ற துணைக் கருவிக்கு.

சுடும் பொத்தானைத் தட்டித் தட்டி அழுத்தினால் சிறு குண்டுகள் போகும். அழுத்திப் பிடித்தால் திரையின் அடியில் ஒரு பட்டை நிரம்பத் தொடங்கும். நிரம்பியதும் விட்டால் ஒரு பெருங்கதிர் பாயும். வழியில் வரும் சிறிய எதிரிகளையெல்லாம் துளைத்துக்கொண்டு போகும். பாதி நிரம்பியிருக்கும்போது விட்டால் அதன் பலமும் குறைவு. பட்டை நிரம்பிக்கொண்டிருக்கும்போது சிறு குண்டுகள் வராது என்பதுதான் இதன் நுட்பம். அந்த ஓரிரு விநாடிகள் நீங்கள் வெறுங்கையோடு நிற்கிறீர்கள். எனவே எப்போது அழுத்திப் பிடிக்கலாம் என்பது, அந்த நேரத்தில் எங்கே நின்றால் ஆபத்தில்லை என்பதைப் பொறுத்தது.

முதல் பயிற்சி இது. கட்டம் தொடங்கியதும் பாட்டா-பாட்டா எனும் சிறகடிக்கும் எதிரிகள் அலையலையாக வரும். அவற்றைத் தட்டித் தட்டிச் சுடாதீர்கள். அழுத்திப் பிடித்தபடி, மேலும் கீழும் சிறிதாக நகர்ந்து, இரண்டு மூன்று எதிரிகள் ஒரே கோட்டில் வரும்வரை பொறுத்து விடுங்கள். அந்தரப்படாமல் இதைச் செய்ய வந்துவிட்டால் பாதி விளையாட்டு கைக்கு வந்துவிட்டது. பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை.

எதைப் பொறுக்குவது, எதை விடுவது

நிலத்தில் குதித்தும் சிலவேளை பறந்தும் வரும் ஒரு சிறு இயந்திரத்தைச் சுட்டால் அதற்குள்ளிருந்து பொருள் ஒன்று விழும். வேகம் தரும் பொருளை ஒன்று எடுங்கள், வேண்டுமானால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். கலம் கெதியாக ஓடுவது நல்லதென்று தோன்றும். ஒடுங்கிய குகைக்குள் போனதும் சுவரில் நீங்களே கொண்டுபோய் மோதுவீர்கள். ஏவுகணை வந்தால் எடுங்கள், அது எதிரியைத் தேடிப் போகும். கலத்துக்கு மேலும் கீழும் ஒட்டிக்கொள்ளும் உருண்டைகள் இரண்டு வரை கிடைக்கும். அவை குண்டுகளைத் தடுக்கும், மோதும் எதிரியையும் காயப்படுத்தும். இவற்றைத் தவறவிடாதீர்கள்.

அந்த இயந்திரங்களிலிருந்து விழும் நிறக் கற்கள் மூன்று வகை, ஒவ்வொன்றும் ஒரு கதிரைத் தரும். சிவப்பு, முன்னோக்கி அகலமாகச் சுருண்டு பாயும் கதிர். நீலம், சுவரில் பட்டுத் தெறித்துத் திரும்பும். மஞ்சள், தரையோடும் கூரையோடும் ஊர்ந்து போகும். புதியவர்கள் சிவப்பை விரும்பட்டும். ஒடுங்கிய இடங்களில் நீலம் ஆச்சரியமான வேலை செய்யும், ஆனால் அதை முழுமையாகப் பயன்படுத்தக் கட்டத்தின் அமைப்பு மனப்பாடமாக இருக்க வேண்டும். மஞ்சளை எடுக்காமல் விட்டாலும் பெரிய நட்டமில்லை.

ஃபோர்ஸ்

முதலாவது நிறக் கல்லை எடுத்ததும் இடப்பக்கமிருந்து ஒளிரும் உருண்டை ஒன்று மிதந்து வரும். இதுதான் ஃபோர்ஸ். ஆர்-டைப்பை மற்ற விளையாட்டுகளிலிருந்து பிரித்துக் காட்டுவதும் இதுதான். இதை எதிரியால் அழிக்க முடியாது. தொடர்ந்து கற்களை எடுத்தால் இது வளரும். கதிர்களும் அப்போதுதான் வரும்.

புதியவர்கள் அநேகமாக எல்லாருமே இதைக் கூடுதல் துப்பாக்கியாக நினைக்கிறார்கள். ஃபோர்ஸைக் கேடயமாக முதலில் நினையுங்கள், துப்பாக்கியாகப் பிறகு நினைக்கலாம். கலத்தின் மூக்கில் பொருத்தியிருக்கும்போது முன்னாலிருந்து வரும் சிறு குண்டுகளை அது விழுங்கிவிடும். நீங்கள் எதிரியின் குண்டிலிருந்து தப்பி ஓட வேண்டியதில்லை. மூக்கை அதை நோக்கி வைத்துக்கொண்டு நின்றால் போதும். பழைய விளையாட்டுகளில் பழகிய கை இதை நம்ப மறுக்கும். குண்டு வந்தால் விலகத்தான் தோன்றும். விலகாமல் நிற்கப் பழகுவதற்குச் சில மாலைகள் போகும்.

இரண்டாவது பொத்தானை அழுத்தினால் ஃபோர்ஸ் கழன்று முன்னே பாயும். மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். கழன்று நிற்கும்போது அது தானாக மிதந்து உங்கள் உயரத்துக்கு வரப் பார்க்கும். நீங்கள் சுடும்போது அதுவும் சுடும். நிறக் கல் தரும் கதிர் மட்டும், அது கலத்தோடு பொருந்தியிருக்கும்போதுதான் வரும். திரும்பி வரும் ஃபோர்ஸுக்கு முன்னால் நீங்கள் போய் நின்றால், அது உங்கள் வாலில் ஒட்டிக்கொள்ளும். அப்போது பின்னோக்கிச் சுடலாம், பின்னாலிருந்து வரும் குண்டும் தடைபடும்.

இதற்கென்று மூன்று பயிற்சிகள். முதலாவதாக, ஒரு முழு முயற்சியில் ஃபோர்ஸைக் கழற்றவே வேண்டாம். மூக்கில் வைத்துக்கொண்டு குண்டுகளை அதில் வாங்கியபடியே போங்கள். அது பிடிபட்டதும், நிலத்தில் நிற்கும் துப்பாக்கி ஒன்றைக் கண்டால் சுடாமல் ஃபோர்ஸை அதன்மேல் எறிந்து, அங்கேயே விட்டு அது உடையும்வரை பாருங்கள். ஃபோர்ஸ் தொடுவதே எதிரிக்குக் காயம். மூன்றாவது கொஞ்சம் கடினம்: எதிரிகள் இல்லாத சிறு இடைவெளி பார்த்து ஃபோர்ஸை முன்னிருந்து பின்னுக்கும், பின்னிருந்து முன்னுக்கும் மாற்றுங்கள். ஆறுதலாகச் செய்யுங்கள். மூன்றாம் கட்டத்தில் இது கட்டாயம் தேவைப்படும்.

முதற்கட்டம்

தொடக்கத்து அலைகளைப் பெருங்கதிரால் துடைத்த பிறகு, கற்களைத் தரும் இயந்திரங்களைத் தப்பவிடாதீர்கள். இந்தக் கட்டத்தில் சேர்ப்பதுதான் கடைசிவரை உதவும். நடக்கும் எதிரிகள் தரையில் வரும்போது திரையின் நடுவே, இடப்பக்கத்திலிருந்து கால்வாசித் தூரத்தில் நில்லுங்கள். இட ஓரத்தோடு ஒட்டி நிற்பது பாதுகாப்பாகத் தோன்றும். பின்னால் போக இடமில்லை என்பதைச் சிக்கல் வந்த பிறகுதான் உணர்வீர்கள்.

சற்றுப் போனதும் சுற்றிலும் துப்பாக்கிகள் பொருத்திய பெரிய வளையம் ஒன்று சுழன்றுகொண்டு வரும். புதியவர்கள் பலர் விழும் இடம் இதுதான். அது கிட்ட வருமுன் பெருங்கதிரால் சில துப்பாக்கிகளை உடைத்து இடைவெளி உண்டாக்குங்கள். ஃபோர்ஸ் மூக்கில் இருக்கட்டும். எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் தொடர்ந்து பார்த்து, அந்தப் பக்கமாக நகருங்கள்.

கட்டத்தின் முடிவில் டொப்கெராடொப்ஸ். அந்தக் காலத்து விளையாட்டு இதழ்களிலும் விளம்பரங்களிலும் ஆர்-டைப்பின் முகமாகவே ஆகிப்போன உருவம் இது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், வாலை நீட்டி ஆட்டும். தலையைச் சுட்டுப் பயனில்லை. அதன் வயிற்றிலிருந்து இன்னொரு சிறிய உருவம் வெளியே எட்டிப்பார்த்துக் குண்டுகளைத் துப்பும். அடிபட வேண்டியது அதுதான். வயிற்றின் உயரத்தில் நின்று, பட்டையை நிரப்பி, அது எட்டிப்பார்க்கும்போது விடுங்கள். அல்லது ஃபோர்ஸை அந்த வயிற்றுக்குள்ளேயே எறிந்துவிட்டு, வாலின் வீச்சுக்கு எட்டாத இடத்திலிருந்து சுட்டுக்கொண்டிருங்கள். இரண்டாவது வழியே எனக்குப் பிடித்தது. அதில் கண்கள் வாலைப் பார்க்க ஓய்வு கிடைக்கிறது.

செத்தால்

இதைச் சொல்லாமல் விட்டால் அது ஏமாற்று. கலம் வெடித்தால் சேர்த்த ஆயுதம் எல்லாம் போய்விடும். வேகம், ஃபோர்ஸ், உருண்டைகள் எதுவும் மிஞ்சாது. கட்டத்தின் ஓர் இடத்துக்குப் பின்தள்ளப்பட்டு, வெறுங்கலத்தோடு தொடங்க வேண்டும். சில இடங்களில் இது நியாயமாகத் தோன்றாது. வெறுங்கலத்தோடு மீள்வது, ஆயுதங்களோடு அதே இடத்தைக் கடப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

டைமென்ஷன்ஸ் ஈஎக்ஸில் இதற்கு ஒரு மாற்று உண்டு. இன்ஃபினிட் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் உயிர்களுக்குக் கணக்கில்லை, வெடித்த இடத்திலேயே தொடரலாம். அந்த முறையில் எட்டுக் கட்டங்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அதன் பிறகு கிளாசிக் முறைக்கு வந்து ஒழுங்காகப் பழகுங்கள். இன்ஃபினிட்டிலேயே தங்கிவிட்டால், கடைசிக் கட்டத்தைக் கண்டிருப்பீர்கள், ஆனால் முதற்கட்டத்தைக்கூட விளையாடியிருக்கமாட்டீர்கள்.

கிளாசிக்கில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சாகும்போது ஒரு கொப்பியை எடுத்து, என்ன வந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது, நான் எங்கே நின்றேன் என்று மூன்றே குறிப்புகள் எழுதுங்கள். அடுத்த முறை அதே எதிரிக்கு நிற்கும் இடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். சுடும் முறையை மாற்ற வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது காப்பாற்றியது என்று தெரியாமல் போகும்.

இரண்டும் மூன்றும்

இரண்டாம் கட்டம் தசையும் நரம்புமாக இருக்கும் ஒரு குகை. முடிவில் கொமாண்டர் என்ற சதைப்பிண்டம். அதன் துளைகளுக்குள் நீண்ட பாம்பு ஒன்று நுழைந்து நுழைந்து வெளியே வரும். பாம்போடு மல்லுக்கட்டாதீர்கள். உச்சியில் திறந்து மூடும் கண்ணே அதன் உயிர்நிலை. பாம்பு உள்ளே போகும் நேரம் பார்த்து மேலேறி, கண் திறக்கும்போது பெருங்கதிரை விடுங்கள்.

மூன்றாம் கட்டம் முழுவதும் ஒரே எதிரிதான்: திரையைவிடப் பெரிய போர்க்கப்பல். அதைச் சுற்றிப் பறந்து, துப்பாக்கிகளையும் இயந்திரங்களையும் ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். அதன் உந்துபொறிகளிலிருந்து பாயும் நெருப்பு எந்த உயரத்தில் வருகிறது என்பதை முதல் தடவையிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கப்பல் உங்களுக்கு முன்னும் பின்னும் மேலும் கீழும் இருப்பதால், ஃபோர்ஸை முன்பின்னாக மாற்றிய பயிற்சி இங்கேதான் பலன் தரும். 1987இல் ஒரு முழுக் கட்டத்தையே ஒரு கப்பலாகச் செய்தவர்களின் துணிச்சலைப் பாராட்ட இடையில் ஒரு விநாடி கிடைத்தால் பாராட்டுங்கள். கிடைக்காது.

நான்காம் கட்டத்துக்குப் பின் விளையாட்டு கடுமையாகிவிடும். ஆறாம் கட்டத்தில் பெரிய பெட்டிகள் ஒடுங்கிய வழிகளில் ஓடித்திரியும். அங்கே சுடுவதைவிடப் பாதையை மனப்பாடம் செய்வதே முழு வேலை. எட்டையும் முடித்தவருக்கு அதே கட்டங்கள் இன்னும் கடினமாகத் திரும்ப வரும்.

சாகாமல் போனால் ஒரு சுற்று ஏறக்குறைய அரை மணி நேரம். மின்வெட்டு நேரத்தில் மடிக்கணினி பற்றரியிலேயே முடிக்கக்கூடிய அளவு. ஆனால் பற்றரி குறையும்போது சில மடிக்கணினிகள் வேகத்தைத் தாமாகக் குறைத்துக்கொள்ளும். மின்சேமிப்பு நிலையை நிறுத்திவிட்டே தொடங்குங்கள், இல்லாவிட்டால் பழகிய நேரக்கணக்கு குழம்பிவிடும். ஒலியை மூடாதீர்கள், பட்டை நிரம்புவது காதுக்கும் கேட்கும், கண்ணை எதிரியிடம் விட்டுவிடலாம்.

அடுத்து எதற்குப் போவது என்று கேட்டால், உடனே இரண்டாம் பாகத்துக்குப் போக வேண்டாம். அது முதலாவதைவிடக் கடினம். நடுவில் கிரேடியஸை விளையாடுங்கள். அங்கே ஃபோர்ஸ் போன்ற அழியாத கேடயம் இல்லாததால் நிற்கும் இடத்தின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். புதிய படங்களோடு இதே தொடரைப் பார்க்க விரும்புவோருக்கு, ஐரெமின் பழைய ஆட்கள் சேர்ந்து நடத்தும் கிரான்செல்லா நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆர்-டைப் ஃபைனல் 2 இருக்கிறது. அதில் எளிய நிலைகளையும் தேர்ந்தெடுக்கலாம், நடுநிலையில் தொடங்குங்கள்.